பின்னால் ‘டொக்’ என்றால் புஷ்தான் போனதா?

பின் ஆக்ஸிலை வண்டியின் அடிச்சட்டத்தோடு பிணைக்கும் இரும்புக் குழாய்தான் ஆர்ம். கம்பெனி ஆர்மைக் கழற்றிவிட்டு வெளியில் வாங்கியதை மாட்டி ஒரு மாதம் ஆகியிருக்கும். வேகத்தடையில் ஏறி இறங்கினால், ரிவர்ஸ் போட்டால், நின்ற வண்டி நகரத் தொடங்கினால் பின்சீட்டுக்குக் கீழே ‘டொக்’. பட்டறையில் விட்டால் பெரும்பாலும் ஒரே தீர்ப்புதான்: “புஷ் போயிட்டு அண்ணாச்சி, மாத்திருவோம்.” ஆர்மின் நுனியில் இருக்கும் ரப்பர் வளையமான புஷ்ஷை மாற்றுவார்கள். பத்து நாள் அடங்கிக் கிடந்த சத்தம் மறுபடி கிளம்பும். அப்போது அடுத்த தீர்ப்பு வரும்: “வெளிச் சாமான் போட்டா இப்படித்தான்.”

இரண்டு தீர்ப்பும் வண்டிக்கு அடியில் போய்ப் பார்க்காமல் சொல்வது. புதிதாகப் போட்ட ஆர்மில் வரும் சத்தத்துக்குப் பெரும்பாலும் காரணம் புஷ் இல்லை, அதைப் பிடித்திருக்கும் போல்ட் இறுக வேண்டிய விதத்தில் இறுகாததுதான். அது ஏன் நடக்கிறது, எந்த மூட்டு என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்பதை அடியிலிருந்து பார்ப்போம்.

எந்த வண்டிக்கு இந்தப் பேச்சு

பொலேரோ, டாட்டா ஏஸ் போன்ற வண்டிகளில் பின்னால் பட்டை ஸ்பிரிங். எடையைத் தாங்குவதும் இரண்டு பின்சக்கரத்தையும் இணைக்கும் ஆக்ஸிலை இடம் மாறாமல் பிடிப்பதும் அந்தப் பட்டையேதான். தனியாக ஆர்ம் கிடையாது. அங்கே சத்தம் வந்தால் ஷாக்கிள் புஷ், யு-போல்ட், சென்டர் போல்ட் என்று பார்க்க வேண்டிய இடங்களே வேறு. ஸ்விஃப்ட் மாதிரி சின்னக் கார்களில் பின்னால் ஒரே துண்டான பீம். அவர்களும் இதைப் படித்துக் குழம்ப வேண்டாம்.

2020-இல் வந்த புதிய தார், 2023-இல் வந்த ஜிம்னி, ஸ்கார்ப்பியோ, இன்னோவா கிரிஸ்டா, ஃபார்ச்சூனர் ஆகியவற்றில் பின்னால் முழு ஆக்ஸிலும் காயில் ஸ்பிரிங்கும் உண்டு. காயில் எடையை மட்டும்தான் தாங்கும். ஆக்ஸில் முன்னும் பின்னும் ஓடாமலும் உருண்டுவிடாமலும் பிடிக்க வேறு ஆள் வேண்டும். அதற்குத்தான் ஆர்ம்: ஒரு நுனி அடிச்சட்டமான சேசிஸிலும் மறு நுனி ஆக்ஸிலிலும் மாட்டிய இரும்புக் குழாய். எத்தனை ஆர்ம், எந்த அமைப்பில் என்பது வண்டிக்கு வண்டி மாறும். பலவற்றில் கீழே இரண்டு, மேலே இரண்டு. ஆக்ஸில் இடவலமாக நகராமல் இருக்கக் குறுக்கே ஒரு கம்பி போகும், அது பான்ஹார்ட் ராடு. ஸ்கார்ப்பியோ-என் போன்ற சிலவற்றில் அதற்குப் பதிலாக வாட்ஸ் லிங்க் என்ற வேறு ஏற்பாடு இருக்கும்.

ஆர்மின் நுனியில் இருப்பது புஷ். வெளியே இரும்பு வளையம், நடுவில் ரப்பர், உள்ளே ஓர் இரும்புக் குழாய். அந்த உள்குழாய்தான் ஸ்லீவ். சேசிஸிலும் ஆக்ஸிலிலும் பற்றவைத்த பிராக்கெட்டின் இரண்டு காதுகளுக்கு நடுவே ஸ்லீவ் உட்கார, குறுக்கே போல்ட் போகும். இந்தக் கட்டுரையில் ‘மூட்டு’ என்று சொல்வதெல்லாம் இந்த இடத்தைத்தான்.

நன்றாக இருக்கும் ஆர்மை ஏன் மாற்றுகிறார்கள்? வண்டியை 50 மி.மீ. உயர்த்தினால் நீளம் மாறாத ஆர்ம் கீழே சாய்கிறது, ஆக்ஸில் கொஞ்சம் முன்னே இழுபடுகிறது, ஆக்ஸில் நடுவிலுள்ள பல்சக்கரப் பெட்டியான டிஃபரன்ஷியலின் மூக்கு நிற்கும் கோணமும் மாறுகிறது. நீளத்தைக் கூட்டிக் குறைக்கும் ஆர்ம் போட்டால் இதைச் சரிசெய்யலாம். இடையில் ஒன்று: ஆர்.சி.யில் உள்ள விவரத்துக்கும் தயாரிப்பாளரின் அளவுக்கும் மாறாக வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவு தடுக்கிறது. சாமானை வாங்குமுன் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

மம்பட்டியும் கணையும்

கணை, அதாவது மரக் கைப்பிடி, தளர்ந்த மம்பட்டியை எடுத்து வரப்பு வெட்டிப் பாருங்கள். ஓங்கும்போது ஒரு ‘டக்’, மண்ணில் இறங்கும்போது ஒரு ‘டக்’. சும்மா சுவரில் சாத்தி வைத்தால் சத்தமே இல்லை. ஓங்கும்போது இலை ஒரு பக்கம் இழுக்கிறது, வெட்டும்போது மறுபக்கம் தள்ளுகிறது. கணைக்கும் துளைக்கும் நடுவே உள்ள சிறு இடைவெளியில் இலை நகர்ந்துபோய் மோதுகிறது. கணை ஒடியவில்லை, இலையும் தேயவில்லை. ஓர் ஆப்பை அடித்து இறுக்கினால் சத்தம் போய்விடும்.

ஆர்ம் மூட்டிலும் சத்தம் வர இரண்டு வேண்டும்: ஓர் இடைவெளி, திசை மாறும் ஒரு விசை. இடைவெளி இருந்தாலும் விசை ஒரே பக்கம் தள்ளிக்கொண்டிருந்தால் மூட்டு பேசாது. நாற்கரச் சாலையில் கங்கைகொண்டானைத் தாண்டி 90-இல் போகும்போது வராத சத்தம், நெல்லை வண்ணார்பேட்டை நெரிசலில் நின்று நின்று நகரும்போது வருவது அதனால்தான்.

விசை எப்போது திசை மாறுகிறது? ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் பின்சக்கரம் தரையைப் பின்னே தள்ளும், ஆக்ஸில் முன்னே வரப் பார்க்கும், கீழ் ஆர்ம் நசுங்கும் பக்கம் விசை வாங்கி வண்டியை முன்னே தள்ளும். கூடவே ஆக்ஸிலின் மூக்கு மேலே தூக்கப் பார்க்கும். மேல் ஆர்ம் அதை இழுத்துப் பிடிக்கும். பிரேக் போட்டால் எல்லாம் தலைகீழ்: கீழ் ஆர்ம் இழுபடும், மேல் ஆர்ம் நசுங்கும். ஆகவே முதலாவது கியரிலிருந்து ரிவர்ஸ், மிதியிலிருந்து பிரேக், இப்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு ‘டொக்’ கிடைக்கும். ஒரு மாற்றத்துக்கு ஒன்றுதான். சக்கரம் சுற்றச் சுற்ற வேகத்துக்கேற்ப ‘டக் டக் டக்’ என்று வந்தால் ஆர்மை விட்டுவிட்டு பேரிங், பிரேக், கியர்பாக்ஸிலிருந்து ஆக்ஸிலுக்குப் போகும் புரொப்பல்லர் ஷாஃப்ட் பக்கம் போங்கள்.

சுருக்கமாக: இடைவெளியும் விசைமாற்றமும் சேர்ந்தால்தான் சத்தம். எந்த விசை மாறும்போது வருகிறது என்று தெரிந்தால் தேட வேண்டிய மூட்டுகளின் எண்ணிக்கை பாதியாகக் குறையும்.

போல்ட் செய்யும் வேலை

பலரும் தவறாகப் புரிந்துகொள்ளும் இடம் இதுதான். ஆர்ம் மேலும் கீழும் ஆடும்போது போல்ட்டின் மேல் ஸ்லீவ் சுழல்கிறது, போல்ட் ஒரு அச்சாணி என்று நினைக்கிறோம். அப்படிச் சுழலவே கூடாது. போல்ட்டை முறுக்கும்போது இரண்டு காதுகளும் ஸ்லீவை இருபக்கமும் நெருக்கிக் கவ்வ வேண்டும். ஸ்லீவ், காது, போல்ட் மூன்றும் ஒரே கட்டியாகிவிடும். அசைவெல்லாம் ஸ்லீவுக்கு வெளியே, ரப்பரில் நடக்கும்.

கணக்கும் பெரிதில்லை. தலையில் பலத்தைக் குறிக்கும் 8.8 என்று குத்தியிருக்கும் 12 மி.மீ. போல்ட்டைப் பொதுவான அட்டவணைப்படி சுமார் 80 நியூட்டன் மீட்டர் முறுக்கினால், அது மூன்று டன்னுக்கும் மேலான அழுத்தத்தில் ஸ்லீவைக் கவ்வும். அந்தக் கவ்வலில் பிறக்கும் உராய்வுதான் ஆர்மின் தள்ளலையும் இழுப்பையும் தாங்குகிறது. போல்ட்டின் உடம்பு துளையின் விளிம்பில் மோதவே மோதாது. கவ்வல் குறைந்தால் ஸ்லீவ் வழுக்கும், போல்ட் துளையில் மோதும். அந்த மோதல்தான் ‘டொக்’. இப்படியே ஓட்டினால் வட்டத் துளை சில நூறு கிலோமீட்டரிலேயே முட்டை வடிவமாகலாம். அதற்குப் பிறகு எத்தனை புது புஷ் போட்டாலும் பயனில்லை.

புஷ்ஷை மாற்றியதும் பத்து நாள் சத்தம் அடங்கியதன் ரகசியமும் இதிலேயே இருக்கிறது. மாற்றும்போது போல்ட்டைக் கழற்றிப் புதிதாக முறுக்கினார்கள். அந்த முறுக்குதான் சத்தத்தை நிறுத்தியது.

வெளிச் சாமானில் கவ்வல் ஏன் போகிறது

முதல் காரணம், அளவு ஒவ்வாமை. வெளிநாட்டு அளவில் செய்த சில ஆர்ம்களின் ஸ்லீவ் துளை அரை அங்குலம், அதாவது 12.7 மி.மீ. வண்டியின் போல்ட் 12 மி.மீ. என்றால் 0.7 மி.மீ. இடைவெளி பிறவியிலேயே வந்துவிடுகிறது. முறுக்கு சரியாக இருக்கும் வரை தெரியாது, கொஞ்சம் தளர்ந்ததும் கேட்கும். துளைக்குள் மெல்லிய தகட்டைச் சுருட்டித் திணிப்பது வீண். சரியான உள்துளையோடு லேத் பட்டறையில் ஸ்லீவ் கடைந்து வாங்குவதே வழி.

இரண்டாவது ஒவ்வாமை இன்னும் கள்ளத்தனமானது: ஸ்லீவின் நீளம். காதுகளுக்கு நடுவே 60 மி.மீ. இருக்க, ஸ்லீவ் 58 என்று வைத்துக்கொள்வோம். முறுக்கும்போது முதலில் காதுகள் உள்ளே வளைய வேண்டும். தடித்த தகடு சுலபத்தில் வளையாது. முறுக்கை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் ‘கிளிக்’ என்று சொல்லிவிடும், ஆனால் அந்த முறுக்கில் பெரும்பகுதி காதை வளைக்கவே செலவாகியிருக்கும். ஸ்லீவுக்குப் போய்ச் சேர்ந்த அழுத்தம் கொஞ்சம்தான். மாட்டுவதற்கு முன் வெர்னியரால் இரண்டையும் அளந்து பார்த்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். இடைவெளி 1 மி.மீ.க்கு மேல் இருந்தால், கடினமான இரும்பு வாஷரை ஷிம்மாக ஸ்லீவின் பக்கத்தில் வைத்து நிரப்ப வேண்டும். சாதாரணத் தகர வாஷர் நசுங்கிப் பழைய கதைக்கே கொண்டுபோகும்.

மூன்றாவது, பெயின்ட். புது ஆர்மும் புது பிராக்கெட்டும் பளபளவென்று பவுடர் கோட்டிங்கோடு வரும். அந்தப் பூச்சு ஓர் அடுக்கு 0.06 முதல் 0.1 மி.மீ. வரை இருக்கும். 12 மி.மீ. போல்ட், தலைக்கும் நட்டுக்கும் நடுவே 90 மி.மீ. பிடிநீளம் என்றால் முழு முறுக்கில் அது நீள்வது ஏறக்குறைய 0.15 மி.மீ. மட்டுமே; அந்த நீட்சிதான் கவ்வலைத் தருகிறது. இரண்டு மூன்று அடுக்குப் பூச்சு ஓட்டத்தில் நசுங்கினால் நீட்சியில் பாதிக்கு மேல் கரைந்துவிடும். நட்டு ஒரு சுற்றுகூடக் கழன்றிருக்காது, கவ்வல் மட்டும் போயிருக்கும். ஸ்லீவும் வாஷரும் உட்காரும் வட்டத்தில் மட்டும் பூச்சைச் சுரண்டி இரும்பைக் காட்டிவிட்டு மாட்டுவது நல்லது. ஓரங்களில் துருவுக்கு மருந்தாக மெல்லிய கிரீஸ் போதும்.

நான்காவது லாக் நட்டு. நீளம் மாற்றும் ஆர்மின் நுனி மரையில் திருகி நிற்கும். அது அசையாமல் பூட்டும் பெரிய நட்டுதான் லாக் நட்டு. இது தளர்ந்தால் மரைக்குள்ளேயே ஆட்டம் வரும், ஆர்மின் உடம்பிலிருந்தே ‘டிக்’ என்று கேட்கும். பட்டறைகளில் இவ்வளவு பெரிய நட்டுக்கு ஸ்பேனர் இல்லாமல் பைப் ரெஞ்சால் இறுக்கிவிட்டு விடுவதுண்டு. அப்படி விட்டால் இறுக்கம் போதாது, நட்டின் முனைகளும் மழுங்கும்.

புஷ்ஷின் வகையும் அதன் குணமும்

ரப்பர் புஷ் அமைதியானது, முறுக்கையும் சாய்வையும் வாங்கிக்கொள்ளும். ஆனால் அதன் ரப்பர் ஸ்லீவோடு ஒட்டியிருக்கும் என்பதை மறக்கக் கூடாது. வண்டியை ஜாக்கியில் தூக்கி, ஆக்ஸில் தொங்கும் நிலையிலேயே போல்ட்டை முழுதாக முறுக்கினால், கீழே இறக்கியதும் ரப்பர் நிரந்தரமாக முறுகியே நிற்கும், சீக்கிரம் கிழியும். ரப்பர் புஷ் என்றால் நான்கு சக்கரமும் தரையில் நின்று எடையைத் தாங்கும்போதுதான் கடைசி முறுக்கு. குழியுள்ள பட்டறை இதற்கு வசதி. வாட்டர் சர்வீஸ் முடிந்ததும் அடிப்பக்கம் முழுக்க டீசலும் வேஸ்ட் ஆயிலும் அடிக்கிற பழக்கம் வேறு இருக்கிறது. இரும்புக்குத் துரு பிடிக்காமல் இருக்கலாம், ரப்பர் ஊறி உப்பும். வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

பாலியூரித்தேன் புஷ் கடினமான பிளாஸ்டிக் போன்றது. இதில் ஸ்லீவ் புஷ்ஷுக்குள் சுழலும், ஆகவே தொங்கும்போது முறுக்கினாலும் கெடுதல் இல்லை. உலர்ந்தால் ‘கிரீச்’ என்று கத்தும். அது ‘டொக்’ ஆகாது. சோப்புத் தண்ணீரை அடித்தால் கொஞ்ச நேரம் கத்தல் நின்றால் இதுதான் ஆள். பிரித்து, தயாரிப்பாளர் சொன்ன கிரீஸைப் பூச வேண்டும். இதன் உண்மையான குறை வேறு: ஒரு சக்கரம் மட்டும் பாறையில் ஏறும்போது ஆர்ம் பக்கவாட்டில் முறுக வேண்டும், இது அதற்கு எளிதில் இடம் கொடுக்காது. அந்தத் திமிறல் பிராக்கெட்டில் இறங்கும். மணிமுத்தாறிலிருந்து மாஞ்சோலை ஏறும் பாதையில் அடிக்கடி ஓடும் வண்டிக்கு எல்லா மூட்டிலும் பாலியூரித்தேன் போடுவது நல்ல யோசனை இல்லை.

ராடு எண்டு என்பது குழிக்குள் இரும்பு உருண்டை சுழலும் மூட்டு. எந்தப் பக்கமும் வளைந்துகொடுக்கும். ஆனால் குஷன் என்று எதுவும் இல்லை. உருண்டைக்கும் குழிக்கும் நடுவிலுள்ள மெல்லிய உறை தேய்ந்தால் இரும்பு இரும்போடு மோதும். திசையன்விளை, இட்டமொழிப் பக்கத்துத் தேரி மணல் இந்த உறைக்கு உப்புத்தாள் மாதிரி வேலை செய்யும். டெஃப்ளான் உறை உள்ள வகைக்கு கிரீஸ் வைக்கக் கூடாது, மணலை ஒட்டவைத்து இன்னும் வேகமாகத் தேய்க்கும். கிரீஸ் நிப்பிள் உள்ள வகைக்கு மட்டும் பழைய கிரீஸ் வெளியே பிதுங்கும் வரை அடிக்கலாம்.

இதுவரை: புஷ் கெட்டால் வருவது பெரும்பாலும் மந்தமான ‘தொப்’, உலர்ந்தால் ‘கிரீச்’. கூர்மையான, இரும்பு மோதும் ‘டொக்’ என்றால் கவ்வல், லாக் நட்டு, ராடு எண்டு மூன்றையும் முதலில் பாருங்கள்.

ஆர்மின் பெயரில் வரும் வேறு சத்தங்கள்

ஆர்மைத் தொடுமுன் இவற்றை ஒதுக்க வேண்டும். செலவில்லாதது முதலில். தாரிலும் ஜிம்னியிலும் ஸ்டெப்னி பின்கதவில் தொங்குகிறது. கதவின் ரப்பர் முட்டுகள் தேய்ந்தாலோ பூட்டு தளர்ந்தாலோ குழியில் விழும்போதெல்லாம் அந்தப் பாரம் ‘டொக்’ என்று ஆடும். ஸ்டெப்னியைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு ஒரு சுற்று போய்வந்தால் தெரிந்துவிடும். ஜாக்கி, டூல் பை, சைலன்ஸரைத் தாங்கும் ரப்பர் ஆகியவற்றையும் கையாலே ஆட்டிப் பார்த்துவிடலாம்.

உயர்த்திய வண்டியில் அதிகமாக ஏமாற்றுவது ஷாக் அப்சர்பர். ஸ்பிரிங்கை உயரமாக்கிவிட்டு ஷாக்கைப் பழைய நீளத்திலேயே விட்டால், சக்கரம் கீழே இறங்கும்போது ஷாக் முழுதாக நீண்டு, உள்ளே பிஸ்டன் முட்டும். அடையாளம் எளிது: வேகத்தடையில் ஏறும்போது சத்தமில்லை, தாண்டியபின் சக்கரம் விழும் நொடியில் ‘டொக்’. பின்சீட்டில் மூன்று பேரை உட்காரவைத்தால் சத்தம் குறையும், ஏனென்றால் வண்டி தாழ்ந்து ஷாக்குக்கு நீள இடம் கிடைக்கிறது. இதற்கு மருந்து நீளமான ஷாக். ஆர்மில் எதை மாற்றினாலும் தீராது.

வண்டி சாயாமல் தடுக்கும் ஸ்டெபிலைசர் கம்பியை மாட்டியிருக்கும் ஸ்டெபிலைசர் லிங்க் தேய்ந்திருந்தால் ஒரு சக்கரம் மட்டும் மேடுபள்ளத்தில் ஏறும்போது கடகடக்கும். இரண்டும் சேர்ந்து ஏறும் நேர் வேகத்தடையில் பெரும்பாலும் அடங்கியிருக்கும். இரண்டு லிங்க்கையும் கழற்றிவிட்டு தெருவுக்குள் மெதுவாக ஒரு சுற்று ஓட்டிப் பார்க்கலாம். அப்படியே நெடுஞ்சாலைக்குப் போகாதீர்கள்.

கடைசியாக புரொப்பல்லர் ஷாஃப்ட். உயர்த்தியபின் டிஃபரன்ஷியல் மூக்கின் கோணத்தைச் சரிசெய்யாவிட்டால் முதலில் வேகத்தில் அதிர்வு வரும். கொஞ்ச நாளில் ஷாஃப்ட்டின் மூட்டிலுள்ள கிராஸ் தேயும். அதன்பின் கியர் விழும்போது ‘டிங்’ என்று ஒரு சத்தம். இதுவும் விசை மாறும்போதுதான் வருகிறது என்பதால் ஆர்மோடு குழப்பிக்கொள்வது சுலபம். பிரித்தறிய அடுத்த சோதனை.

நிறுத்தி வைத்தே செய்யும் சோதனை

சமதளத்தில் வண்டியை நிறுத்துங்கள். என்ஜின் ஆஃப், கியர் நியூட்ரல், ஹேண்ட் பிரேக் நன்றாக இழுத்திருக்கட்டும். முன்சக்கரத்துக்கு முன்னும் பின்னும் ஒரு சாண் தள்ளிக் கட்டை வையுங்கள். இரண்டு பேர் வண்டியைப் பின்னாலிருந்து முன்னும் பின்னும் தாளத்தோடு ஆட்டட்டும். ஹேண்ட் பிரேக் பின்சக்கரத்தைப் பிடித்திருப்பதால் ஆக்ஸில் நிற்கும், உடம்பு மட்டும் ஆடும். ஆர்ம்கள் மாறி மாறி இழுபட்டு நசுங்கும். கியர் நியூட்ரலில் இருப்பதால் ஷாஃப்ட்டுக்கும் கிராஸுக்கும் இதில் விசை போகாது. இப்போது ‘டொக்’ வந்தால் ஆர்ம் பக்கம். இங்கே வராமல், கியர் போட்டு நகரும்போது மட்டும் வந்தால் ஷாஃப்ட் பக்கம். டிரம் பிரேக் உள்ள வண்டியில் ஷூ நகரும் சின்ன ‘டிக்’ கேட்கலாம். அது சக்கரத்துக்குள்ளிருந்து வரும், கணக்கில் சேர்க்காதீர்கள்.

சத்தம் வருகிறது என்று உறுதியானால், மூன்றாவது ஆள் பக்கவாட்டிலிருந்து கையை நீட்டி ஒவ்வொரு மூட்டாகத் தொட வேண்டும். விரலைப் பிராக்கெட் காதின் வெளிமுகத்திலும் ஆர்மின் நுனியிலும் சேர்ந்து படும்படி குறுக்கே வையுங்கள், இடுக்குக்குள் விடாதீர்கள். நம் செவிக்குக் கேட்பதை நம்ப வேண்டாம். சேசிஸ் சத்தத்தை இழுத்துக்கொண்டுபோய் வேறிடத்தில் கேட்கவைக்கும். வலது பின் மூட்டின் ‘டொக்’ நடுசீட்டுக்குக் கீழே கேட்பது சாதாரணம். விரல் ஏமாறாது. ரப்பர் மெதுவாக நெளிவதும், இரும்பு சட்டென்று தாவுவதும் தெளிவாக வேறுபடும்.

அடுத்து வண்டியைப் பக்கவாட்டில், கூரையோரத்தைப் பிடித்து இடவலமாக ஆட்டச் சொல்லுங்கள். அப்போது மட்டும் சத்தம் வந்தால் பான்ஹார்ட் ராடின் இரண்டு நுனி, அதன் பிராக்கெட்.

கியர் போட்டுப் பார்க்க வேண்டியிருந்தால் வண்டிக்கு அடியில் யாரும் இருக்கக் கூடாது. போனை வீடியோவில் வைத்து, மூட்டைப் பார்த்து, சக்கரப் பாதைக்கு வெளியே ஒரு செங்கல்மேல் சாத்துங்கள். ஒருவர் பிரேக்கை அழுத்தியபடி முதலாவது, ரிவர்ஸ் என்று மாறி மாறி கிளட்சை லேசாக விடட்டும். ஆட்டோமேட்டிக்கில் டி, ஆர். வீடியோவை மெதுவாக ஓட்டிப் பார்த்தால் அரை மில்லிமீட்டர் தாவலும் தெரியும்.

கோடும் பொடியும்

நிறுத்தி வைத்தால் சத்தம் வராத வண்டிகளும் உண்டு. அவற்றுக்குப் பெயின்ட் மார்க்கர் போதும். மூட்டைத் துடைத்து, போல்ட் நுனி, நட்டு, வாஷர், காது நான்கின்மேலும் ஒரே நேர்க்கோடு இழுங்கள். லாக் நட்டிலிருந்து ஆர்மின் உடம்புக்கும் ஒரு கோடு. ஐம்பது கிலோமீட்டர், அதில் கொஞ்சம் மோசமான சாலை. திரும்பி வந்து பார்த்தால் எங்கே கோடு உடைந்திருக்கிறதோ அங்கே அசைவு. ஆனால் கோடு உடையவில்லை என்பதாலேயே கவ்வல் இருக்கிறது என்று சொல்ல முடியாது. பெயின்ட் நசுங்கிய கதையை மேலே பார்த்தோம்.

அதற்குத்தான் பொடி. கவ்வல் இல்லாத இரண்டு இரும்பு முகங்கள் உரசும்போது செம்பழுப்பு நிறத்தில் நுண்ணிய துருப்பொடி பிறக்கும், வாஷரைச் சுற்றி வளையமாகவோ வழிந்த கோடாகவோ நிற்கும். கிரீஸ் பட்ட இடத்தில் கறுப்பாக இருக்கும். நம் பக்கத்தில் ஒரு சிக்கல்: தேரிச் செம்மண் தூசியும் ஏறக்குறைய அதே நிறம். முதலில் கழுவிக் காயவைத்து, தார்ச்சாலையில் மட்டும் ஓட்டிவிட்டுப் பாருங்கள். மண் தூசி எங்கும் பரவும். துருப்பொடி வாஷரின் விளிம்பை விட்டு நகராது. 2023 டிசம்பர் வெள்ளத்தில் முங்கிய வண்டிகளில் ஸ்லீவுக்குள்ளேயே துரு ஏறி போல்ட் ஒட்டிக்கொண்டிருக்கலாம். அங்கே பொடியைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லாமல் போல்ட்டை உருவிப் பார்ப்பதே சரி.

உருவிய போல்ட் நிறைய சொல்லும். உடம்பில் காது உட்காரும் இடத்தில் பள்ளமோ பளபளப்பான வளையமோ இருந்தால் அது அச்சாணியாக வேலை செய்திருக்கிறது. துளையை வெர்னியரால் நெடுக்கிலும் குறுக்கிலும் அளவெடுங்கள். இரண்டும் ஒன்றாக இல்லையென்றால் துளை முட்டை.

சரிசெய்யும்போது

துளை நன்றாக இருந்தால் வேலை சின்னது: புது போல்ட், உள்ளே நைலான் வளையம் உள்ள புது நைலாக் நட்டு, தேவையான ஷிம், சுத்தமான இரும்பு முகங்கள், டார்க் ரெஞ்ச். முறுக்கு அளவை வண்டியின் சர்வீஸ் மேனுவலிலிருந்தோ ஆர்மோடு வந்த தாளிலிருந்தோ எடுங்கள். எதுவும் இல்லாதபோது மட்டும் பொது அட்டவணை: 8.8 தரத்தில் 12 மி.மீ.க்குச் சுமார் 80, 14 மி.மீ.க்குச் சுமார் 125 நியூட்டன் மீட்டர். கையால் “நல்லா டைட் வெச்சாச்சு” என்பது அளவு கிடையாது. மரையில் பூசும் லாக்டைட் பசை, நட்டு கழலாமல் தடுக்கும், கவ்வலைக் கொண்டுவராது.

துளை முட்டையாகியிருந்தால் பெரிய போல்ட்டை அடித்து ஏற்றுவது வழக்கம். துளையைச் சீராகப் பெரிதாக்கி, அதற்கேற்ற ஸ்லீவும் போட்டால் அது நடக்கும். இல்லாவிட்டால் சரியான துளையுள்ள தடித்த வளையத் தகட்டைக் காதின்மேல் பற்றவைக்க வேண்டும். புஷ்ஷைக் கழற்றிவிட்டு, பேட்டரி இணைப்பை எடுத்துவிட்டு, டீசல் டேங்க்கும் வயரும் எங்கே போகிறது என்று பார்த்துவிட்டுச் செய்கிற வேலை இது. ஸ்லீவையே காதோடு பற்றவைத்துவிடும் கைங்கரியத்துக்கு மட்டும் சம்மதிக்காதீர்கள். அடுத்தமுறை பிராக்கெட்டையே அறுக்க வேண்டிவரும்.

நீளம் மாற்றும் ஆர்மில் இடதும் வலதும் துளை நடுவிலிருந்து துளை நடு வரை ஒரே நீளம் இருக்க வேண்டும், வித்தியாசம் 1 மி.மீ.க்குள். மரை உள்ளே இருக்கும் நீளம் அதன் விட்டத்தைப்போல ஒன்றரை மடங்காவது வேண்டும். முழு நீளத்தில் ஆர்ம் எதிலாவது இடிக்கிறதா என்றும் பாருங்கள். பெயின்ட் உரிந்து பளபளக்கும் இடம் டேங்க் ஓரத்திலோ பிராக்கெட் அடியிலோ இருந்தால், தேடிய சத்தம் அங்கேயே இருக்கலாம்.

மாட்டியபின் 100 கிலோமீட்டர் ஓடியதும் ஒருமுறை எல்லா மூட்டையும் டார்க் ரெஞ்சால் மறுபடி பாருங்கள். 500-இல் இன்னொரு முறை. பூச்சு நசுங்குவது பெரும்பாலும் இதற்குள் முடிந்துவிடும். பிறகு ஒவ்வொரு சர்வீசிலும் போதும். உவரி, கூடங்குளம் கடலோரத்தில் நிற்கும் வண்டிக்கு நட்டைச் சுற்றி உப்பும் துருவும் ஏறும். துருப்பிடித்த மரையில் ரெஞ்ச் பொய்யாக ‘கிளிக்’ சொல்லும். அங்கே ஆண்டுக்கொருமுறை போல்ட்டைக் கழற்றி, மரையைச் சுத்தம் செய்து, புது நட்டு போட்டுத்தான் முறுக்க வேண்டும்.

காதிலோ வெல்டிலோ விரிசல், முட்டையான துளை, சுழலும் லாக் நட்டு, கையால் ஆட்டினாலே 1 மி.மீ. தாவும் ராடு எண்டு: இவற்றில் ஒன்று இருந்தாலும் வண்டியை மலைப்பாதைக்கு எடுக்கக் கூடாது. கீழ் ஆர்ம் ஒன்று பிடி விட்டால் ஆக்ஸில் ஒரு பக்கம் முன்னேயோ பின்னேயோ போய், ஸ்டியரிங்கைத் தொடாமலே வண்டி திரும்பும்.

பட்டறைக்குப் போகும்போது “சவுண்டு வருது, புஷ் பாருங்க” என்று சொன்னால் புஷ்தான் மாறும். “அண்ணாச்சி, ஹேண்ட் பிரேக் போட்டு ஆட்டினா வலது கீழ் ஆர்ம்ல ஆக்ஸில் பக்கத்து மூட்டு தாவுது. போல்ட்ட உருவி ஸ்லீவ் நீளத்தயும் துளையயும் அளந்து பாருங்க” என்று சொல்லுங்கள். வெர்னியர் அவரிடம் இல்லையென்றால் கையோடு ஒன்று கொண்டுபோவதும் தவறில்லை.